பாஸ்வேர்டை எங்கே வைப்பது என்று கேட்டாயே

தம்பி,

ஞாயிற்றுக்கிழமை போனில் நீ கேட்டதும் நான் சிரித்துவிட்டேன். உனக்குச் சுருக்கென்று இருந்திருக்கும். "அம்மா, டேட்டாபேஸ் பாஸ்வேர்ட எங்க வெக்கறதுன்னு ஆபீஸ்ல ஒரு வாரமா சண்டமா. ஒருத்தன் புரோகிராம் கோட்லயே இருக்கட்டும்றான், இன்னொருத்தன் செட்டிங்ஸ் ஃபைல்ல போடுன்றான். ஒரே பேஜாரா கீது. நீ இன்னா சொல்ற?" என்றாய். நான் சிரித்துக்கொண்டே, "அப்புறம் பேசுறேன்" என்று வைத்துவிட்டேன். உன் கேள்வி சிறுபிள்ளைத்தனமானது என்று நான் சிரிக்கவில்லை. எட்டு வருடத்துக்கு முன்பு இதே கேள்வியை நான் தப்பாகத் தீர்த்து, ஒரு ஊரையே நடுக்கத்தில் உட்காரவைத்தேன். அந்தக் கேள்வி சுற்றிவந்து என் மகன் வாயிலிருந்தே வந்து நின்றபோது சிரிப்புத்தான் வந்தது. அடுத்த வாரம் நீ கோலாலம்பூருக்குக் கிளம்புகிறாய். அங்கே நாலு பேருக்கு நீ பொறுப்பு. அதற்குள் இதை முழுசாகச் சொல்லிவிட வேண்டும் என்று எழுதுகிறேன். உன் சிநேகிதர்கள் யாராவது படித்தாலும் பரவாயில்லை. படிக்கட்டும்.

நானும் உன் சபீனா ஆன்ட்டியும் திண்டிவனத்தில் ஆபீஸ் போட்டபோது நீ ஆறாம் வகுப்பு. மருந்துக்கடைக்கு மேலே ஒரு அறை, இரண்டு கம்ப்யூட்டர், மின்சாரம் போனால் வெளிச்சத்துக்கு ஒரு ஜன்னல். முண்டியம்பாக்கத்துக்குப் பக்கத்தில் மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் நிலக்கடலைக் காட்டில் களை எடுக்கும் வீட்டில் பிறந்தவள் நான். சபீனா கோட்டக்குப்பம். அவள் வீட்டு ஆண்கள் எல்லாரும் துபாய், மஸ்கட் என்று இருந்தார்கள். அவள் மட்டும், "நான் இங்கியே இருந்துக்கினு ஏதாவது செய்றேன்" என்று பிடிவாதமாக நின்றவள். விழுப்புரத்தில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் இரண்டு பேரும் பாடம் எடுத்துக்கொண்டிருந்தோம். அங்கே பழக்கமாகி, சேர்ந்து வெளியே வந்தோம். சிறுநீரகம் கெட்டுப்போனவர்களுக்கு டயாலிசிஸ் செய்யும் ஒரு தனியார் மையம் முதலில் எங்களை நம்பியது. எந்த நோயாளி எந்தக் கிழமை வரவேண்டும், எந்த மெஷின், எவ்வளவு எடை, எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது, எல்லாவற்றையும் பிரவுசரில் பார்க்கும்படி ஒரு அப்ளிகேஷன் எழுதிக்கொடுத்தோம். திண்டிவனத்தில் ஆரம்பித்தது விழுப்புரத்துக்குப் போனது. அடுத்ததாகச் செஞ்சியில் ஒரு மையம் திறக்க ஏற்பாடு நடந்தது.

ஒவ்வொரு ஊருக்கும் தனித்தனியாக எழுத முடியாது அல்லவா? அதனால் எல்லா ஊருக்கும் ஒரே அப்ளிகேஷன், ஊருக்கு ஒரு செட்டிங்ஸ் ஃபைல் என்று வைத்தோம். மையத்தின் பெயர், எத்தனை மெஷின், எத்தனை மணிக்கு ஷிஃப்ட், தமிழா இங்கிலீஷா, எல்லாம் அந்த ஃபைலில் இருக்கும். மேனேஜரே ஒரு பக்கத்தைத் திறந்து மாற்றிக்கொள்ளலாம், ஃபைலை இறக்கிக்கொள்ளலாம், வேறு ஃபைலை ஏற்றலாம். அந்தப் பக்கத்தை எழுதியது நான். எனக்கு அதில் அவ்வளவு பெருமை. அதே ஃபைலின் கடைசி நாலு வரியில், டேட்டாபேஸ் எந்த சர்வரில் இருக்கிறது, அதன் பெயர், யூசர், பாஸ்வேர்டு, எல்லாவற்றையும் போட்டுவைத்தேன். எல்லாம் செட்டிங்ஸ்தானே, ஒரே இடத்தில் இருந்தால் எனக்கு வேலை சுலபம்.

சபீனா அதைப் பார்த்த அன்றே சொன்னாள். "அக்கா, ஷிஃப்ட் டைமு யாரு வேணா பாக்கலாம், யாரு வேணா மாத்தலாம். பாஸ்வேர்டு அப்புடியா? ரெண்டையும் ஒண்ணா கட்டி வெச்சிருக்கீங்களே. அத தனியா எடுத்துடுங்க."

"அந்த ஃபைல யாருடி எடுக்கப் போறா? அடுத்த மாசம் பாத்துக்கலாம்" என்றேன்.

உனக்கு ஞாபகம் இருக்கிறதா, எட்டாம் வகுப்பில் ஸ்கூல் வெப்சைட் பாஸ்வேர்டை ஹோம்வொர்க் நோட்டின் பின்னட்டையில் எழுதிவைத்திருந்தாய். அந்த நோட்டு வகுப்பு முழுக்கச் சுற்றியது. எவனோ உள்ளே போய், ஆண்டுவிழா குழு நடனத்துக்கு உன் பெயரைக் கொடுத்துவிட்டான். நீ அழுதுகொண்டே வந்து, கடைசியில் நிஜமாகவே பச்சை ஜிகினாச் சட்டை போட்டு ஆடினாய். "எல்லாருக்கும் குடுக்குற நோட்டுல யாராவது பாஸ்வேர்டு எழுதுவாங்களாடா?" என்று உன்னை நான் திட்டினேன். அப்படித் திட்டிய நான்தான், அதே காரியத்தை நோயாளிகளின் பட்டியலை வைத்துக்கொண்டு செய்துகொண்டிருந்தேன்.

செஞ்சி மையத்துக்கு நான் ஒரு காலி டேட்டாபேஸ் செய்து, அப்ளிகேஷனை நிறுவிவிட்டேன். பெயர், ஷிஃப்ட், மெஷின் எண்ணிக்கை இதெல்லாம்தான் பாக்கி. அன்றைக்கு உன் பத்தாம் வகுப்புப் பெற்றோர் கூட்டம். எனக்கு அவசரம். செஞ்சி மேனேஜர் போன் செய்தபோது, "விழுப்புரம் ஃபைலயே வாட்ஸ்அப்ல வாங்கிக்கினு ஏத்திடுங்க சார். பேரையும் டைமையும் மட்டும் மாத்திக்குங்க, ஜல்தியா முடிஞ்சிடும்" என்று சொல்லிவிட்டு உன் ஸ்கூலுக்கு ஓடினேன். அவர் நான் சொன்னபடியே செய்தார். பெயரை மாற்றினார், நேரத்தை மாற்றினார். கடைசி நாலு வரி அப்படியே இருந்தது. செஞ்சியின் திரையில் செஞ்சி என்று பெயர் வந்தது. ஆனால் உள்ளே அது பேசிக்கொண்டிருந்தது விழுப்புரத்தின் டேட்டாபேஸோடு.

மறுநாள் காலை செஞ்சியில் பயிற்சி. திரையைத் திறந்தால் வரிசையாக நோயாளிகளின் பெயர்கள். கற்றுக்கொள்வதற்காக நாங்கள் போட்டுவைத்த பொய்ப் பெயர்கள் என்று நினைத்துக்கொண்டார்கள். பழகிப்பார்த்த பிறகு, 'எல்லாவற்றையும் அழித்துப் புதிதாகத் தொடங்கு' என்று நான் ஆசையாக வைத்திருந்த பட்டனை அழுத்தினார்கள். அப்ளிகேஷனுக்கு நான் கொடுத்திருந்த யூசருக்கு எதை வேண்டுமானாலும் அழிக்கும் உரிமை இருந்தது. ஒரு நொடிகூட ஆகியிருக்காது. காலை பத்தரை மணிக்கு விழுப்புரம் மையத்தின் திரை வெள்ளையாகிவிட்டது.

அங்கே முதல் ஷிஃப்ட் முடியும் நேரம். பதினோரு மணி ஷிஃப்டுக்கு ஆட்கள் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். ஹெபடைட்டிஸ் பி கிருமி உள்ளவர்களுக்கு அங்கே ஒரு மூலையில் தனி மெஷின். மற்றவர்கள் மெஷினில் அவர்களைப் போடக் கூடாது. போட்டால் அடுத்தவர் ரத்தத்துக்கும் பரவலாம். யார் யார் தனி மெஷின் என்பது எங்கள் பட்டியலில் மட்டும்தான் இருந்தது. பழைய ரிஜிஸ்டரை எழுத வேண்டாம், எல்லாம் கம்ப்யூட்டரில் இருக்கிறது என்று அதற்கு முந்தின மாதம்தான் நாங்களே நிறுத்தச் சொல்லியிருந்தோம். எல்லாரையும் முகம் பார்த்தே அடையாளம் சொல்லும் தலைமை நர்ஸ் பிரசவ விடுப்பில் போயிருந்தார். இருந்த நர்ஸுகள் இரண்டு பேரும் புதுசு.

போன் வந்தது. மையத்தின் டாக்டர். "இன்னாம்மா நடக்குது? லிஸ்ட்ட காணோம். யாரு செஞ்ச வேல இது? எங்க ஃபைல செஞ்சியில போட்டாங்களாமே, அந்த செட்டிங்ஸ எழுதுனது யாரு?"

தம்பி, இதுவரை உன்னிடம் சொல்லாத இடம் இதுதான். சபீனா எனக்கு ஒரு கை தூரத்தில் நின்றுகொண்டிருந்தாள். நான், "சபீனாதாங்க எழுதுனாங்க டாக்டர், பாக்கச் சொல்றேன்" என்றேன். யோசித்துச் சொல்லவில்லை. வாய் அதுவாகவே சொன்னது. யோசிக்காமல் சொன்னது என்பதால் அது பொய் இல்லாமல் போய்விடாது. சபீனா என் முகத்தை ஒருமுறை பார்த்தாள். சண்டை போடவில்லை. என் கையிலிருந்து போனை வாங்கி, "டாக்டர், நான் சபீனா. லிஸ்ட்டு வர்ற வரைக்கும் யாரையும் மெஷின்ல போடாதீங்க. நான் கெளம்பி வர்றேன்" என்று சொன்னாள். பையை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போய்விட்டாள்.

நான் பேக்கப்பிலிருந்து பட்டியலை மீட்க உட்கார்ந்தேன். தினமும் விடியற்காலையில் தானாக ஒரு நகல் எடுக்கும்படி வைத்திருந்தேன். நகல் இருந்தது. ஆனால் அதைத் திரும்பப் போட்டுப் பார்த்ததே இல்லை. அந்த அப்ளிகேஷன் எழுதிய நாளிலிருந்து ஒரே ஒரு தடவைகூட! முதல் முயற்சி பாதியில் நின்றது. இரண்டாவது முயற்சியில் பெயர்கள் எல்லாம் கட்டம் கட்டமாக வந்தன. தமிழ் எழுத்து ஒன்றுகூடத் தெரியவில்லை.

அங்கே நடந்ததை நர்ஸ் ஒருவர் பிறகு எனக்குச் சொன்னார். சபீனா போய்ச் சேர்ந்தபோது மணி பன்னிரண்டாகப் போகிறது. இரண்டு பேருக்கு மூச்சு வாங்க ஆரம்பித்திருந்தது. டாக்டர் பொறுமை இழந்து, "ஒவ்வொருத்தரையும் கேட்டு ஏத்திடலாம். ஒடம்புல தண்ணி ஏறிப் போய் ஒக்காந்துகினு இருக்காங்க, பாத்தியா?" என்று கத்தியிருக்கிறார். அவர் பயமும் நியாயமானதுதான். சபீனா கதவருகே நின்று, "கேட்டா எல்லாரும் சொல்லுவாங்களா டாக்டர்? கிருமி இல்லன்னு கையில ரத்த டெஸ்ட்டு சீட்டு வெச்சிருக்கவங்கள மொதல்ல ஏத்துங்க. மூச்சு வாங்குற ரெண்டு பேருகிட்டயும் சீட்டு இருக்குது, நான் பாத்துட்டேன். மத்தவங்க லிஸ்ட்டு வர்ற வரைக்கும் இருக்கட்டும்" என்று சொல்லியிருக்கிறாள். டாக்டர் முறைத்திருக்கிறார். ஆனால் அப்படியே செய்தார்.

சீட்டு இல்லாதவர்களில் ஒரு பெரியவர் நாலாவது நாற்காலியில் இருந்தார். நர்ஸ் கேட்டதற்கு, "எனக்கு ஒண்ணுமில்லம்மா, எங்க வேணா போடு" என்றிருக்கிறார். நர்ஸும் அதை நம்பி அவரை மெஷினுக்கு எழுப்பப் பார்த்தார். சபீனா தோளில் கைவைத்து உட்காரவைத்துவிட்டாள். "கொஞ்சம் பொறுங்க ஐயா, நானும் ஒங்க கூடவே ஒக்காந்துக்கிறேன்" என்று பக்கத்தில் ஸ்டூல் போட்டுக்கொண்டாள். இங்கே என் மூன்றாவது முயற்சியில் எழுத்துகள் சரியாக வந்து, ஒரு மணிக்குப் பட்டியல் அங்கே போய்ச் சேர்ந்தது. முதல் பக்கத்திலேயே அந்தப் பெரியவர் பெயர். தனி மெஷின். பக்கத்து நாற்காலியில் அவர் ஊர்க்காரர் உட்கார்ந்திருந்தார். அவர் காதுபட வாய்விட்டுச் சொல்ல இவருக்குக் கூச்சம், அவ்வளவுதான். நர்ஸ் ஒன்றும் பேசாமல் அவரைக் கைப்பிடித்து மூலைக்கு அழைத்துப் போனார். அன்று அந்த அறையில் இருந்த யாருக்கும் எதுவும் ஆகவில்லை. சாயங்காலம் எல்லாரும் நடந்து வீட்டுக்குப் போனார்கள்.

மத்தியானம் நானும் பஸ் ஏறி விழுப்புரம் போனேன். பஸ்ஸில் உட்கார இடம் இருந்தும் உட்காரவில்லை. டாக்டர் அறையில் சபீனாவும் நர்ஸுகளும் இருந்தார்கள். உள்ளே போனதும் சொல்லிவிட்டேன். "டாக்டர், காலையில நான் சொன்னது பொய்யிங்க. அந்தப் பக்கத்த எழுதுனது நான். பாஸ்வேர்ட தனியா எடுக்கச் சொன்னது சபீனா. கேக்காம விட்டது நான். செஞ்சிக்கு அந்த ஃபைல அனுப்பச் சொன்னதும் நான்தான்."

டாக்டர் சபீனா பக்கம் கையைக் காட்டினார். "அப்ப அந்தம்மா சொன்னபடி செஞ்சிருந்தா இது நடந்திருக்காதா?"

"நடந்திருக்காதுங்க."

"சரி. இனிமே அந்தம்மா சொல்றபடி செய்யி" என்றார். எங்களைத் துரத்திவிடுவார் என்று நினைத்துத்தான் போயிருந்தேன். துரத்தவில்லை.

சபீனா என்னோடு மூன்று நாள் பேசவில்லை. ஒரே அறை, எதிரெதிர் மேஜை, ஒரு வார்த்தை இல்லை. அந்த நாட்களில் நீ, "இன்னாமா ஆச்சு?" என்று கேட்டபோதெல்லாம், "சர்வர் பிரச்சனடா" என்று உன்னிடமும் சொல்லிச் சமாளித்தேன். நாலாம் நாள் காலை அவள் ஒரு நோட்டோடு வந்து என் மேஜையில் வைத்தாள். "இந்தத் தடவ நான் எழுதுறேன் அக்கா. நீங்க பக்கத்துல ஒக்காந்துகினு தப்பு கண்டுபுடிங்க. போன்ல அப்புடிச் சொன்னீங்களே, அது இன்னும் வலிக்குது. ஆனா டாக்டர் முன்னாடி வந்து சொன்னீங்க பாருங்க, அதுக்காகத்தான் நான் இன்னும் இந்த ரூம்ல இருக்கேன்." நான் அழுதேன். அவள் டீ சொல்லப் போய்விட்டாள்.

இப்போது உன் கேள்விக்கு வருகிறேன். அவள் நோட்டில் இருந்தது மிக எளிமையான விஷயம். மாற்றக்கூடிய செட்டிங்ஸ் வேறு, ரகசியம் வேறு. செட்டிங்ஸ் ஃபைலை யார் வேண்டுமானாலும் இறக்கட்டும், அனுப்பட்டும், சுவரில்கூட ஒட்டட்டும், அதில் ஒன்றும் இருக்காது. பாஸ்வேர்டு கோடிலும் இல்லை, அந்த ஃபைலிலும் இல்லை. சர்வரில், பிரவுசரால் எட்ட முடியாத இடத்தில், அந்த அப்ளிகேஷன் மட்டும் படிக்கக்கூடிய மாதிரி இருக்கும். அப்ளிகேஷனின் கோடைத் தொடாமலே அதை மாற்றலாம். ஒவ்வொரு மையத்துக்கும் தனி யூசர், தனி பாஸ்வேர்டு. அந்த யூசரால் படிக்கலாம், சேர்க்கலாம், திருத்தலாம். ஒட்டுமொத்தமாக அழிக்க முடியாது. இன்னொன்றும் சேர்த்தாள், அதுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. ஒவ்வொரு டேட்டாபேஸுக்குள்ளும் அது எந்த மையத்துக்குச் சொந்தம் என்று எழுதிவைத்தாள். செட்டிங்ஸில் உள்ள பெயரும் அதுவும் ஒத்துப்போகாவிட்டால் அப்ளிகேஷன் திறக்கவே திறக்காது. பேக்கப்பை மாதம் ஒருமுறை நிஜமாகவே மீட்டுப் பார்க்க வேண்டும் என்ற வரியை மட்டும் நான் எழுதினேன். நோட்டில் அது ஒன்றுதான் என் கையெழுத்து.

அடுத்த வருடமே அதற்குச் சோதனை வந்தது. மயிலத்தில் புது மையம். வேலையைச் சுருக்க நினைத்த, சர்வருக்குள் போகும் உரிமை இருந்த மையத்து ஆள் ஒருவர், திண்டிவனம் சர்வரில் இருந்ததை ஒட்டுமொத்தமாக, ரகசியத்தையும் சேர்த்து, நகல் எடுத்து அங்கே போட்டு, பெயரை மாற்றித் திறந்தார். திரையில் ஒரே ஒரு வரி வந்தது. 'இந்த டேட்டாபேஸ் இந்த மையத்துக்கு உரியது அல்ல.' அவர் கோபமாகப் போன் செய்து, "ஒங்க சாஃப்ட்வேர் வேல செய்யலம்மா" என்றார். சபீனா போனைப் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தாள். "அக்கா, வேல செய்யலையாம்!" இரண்டு பேரும் அந்த அறையில் குதித்த குதியில் கீழே மருந்துக்கடைக்காரர் மேலே ஏறி வந்துவிட்டார். அன்று பிரியாணி வாங்கி அவருக்கும் கொடுத்தோம். எதற்கென்று அவருக்குக் கடைசிவரை விளங்கவில்லை. அதே வாரம் திண்டிவனத்துக்குப் புதுப் பாஸ்வேர்டு போட்டு, சர்வருக்குள் போகும் உரிமையையும் எங்கள் இரண்டு பேரோடு நிறுத்திக்கொண்டோம்.

பிறகு சென்னையிலிருந்து ஒரு பெரிய மருத்துவக் குழுமம் தன்னுடைய மையங்களுக்கும் எங்கள் அப்ளிகேஷனைக் கேட்டு, சோதித்துப் பார்க்க ஒருவரை அனுப்பியது. இஸ்திரி கலையாத சட்டை, இரண்டு லேப்டாப். வந்ததும், "செட்டிங்ஸ் ஃபைலக் குடுக்க முடியுமா?" என்று தயங்கிக் கேட்டார். சபீனா உடனே பென் டிரைவில் போட்டு நீட்டினாள். மனிதருக்கு அதிர்ச்சி. "இவ்ளோ ஈசியா குடுத்துட்டீங்க?" என்று சிரித்தபடி திறந்தார். மேலிருந்து கீழே பார்த்தார். கீழிருந்து மேலே பார்த்தார். இரண்டு நாள் எங்கள் அறையில் உட்கார்ந்து கோடு, பழைய பதிப்பு, பிழைச் செய்தி, எல்லாவற்றையும் துழாவினார். எங்கேயும் ஒரு பாஸ்வேர்டும் கிடைக்கவில்லை. இரண்டாம் நாள் மாலை லேப்டாப்பை மூடிவிட்டு, "யாருங்க இத டிசைன் பண்ணது?" என்று கேட்டார். நான் வாயைத் திறந்து முழுப் பெயரோடு சொன்னேன். "சபீனா. கோட்டக்குப்பம்." அவர் ரிப்போர்ட்டில் அந்தப் பெயரை எழுதிக்கொண்டதைக் கண்ணால் பார்த்தேன். அந்த வேலை எங்களுக்குக் கிடைத்தது.

உன் ஆபீஸ் சண்டையில் கோடில் வைக்கலாம் என்பவனும் செட்டிங்ஸில் வைக்கலாம் என்பவனும் கெட்டவர்கள் இல்லை, என்னைப்போல அவசரக்காரர்கள். அவர்களைத் திட்டாதே. உட்காரவைத்துக் காட்டு. உன் கீழே வேலை செய்யும் ஒருத்தி, இது சரியில்லை என்று சொன்னால், கையில் இருப்பதைக் கீழே வைத்துவிட்டுக் கேள். அடுத்த மாதம் என்று சொல்லாதே. என்றைக்காவது ஒன்று உடையும், உடைந்தே தீரும். அப்போது போனில் யார் செய்தது என்று கேட்பார்கள். உன் வாய் தானாக வேறு பெயரைச் சொல்லப் பார்க்கும், எனக்குத் தெரியும். முந்திக்கொண்டு உன் பெயரைச் சொல்லிவிடு. அந்த ஒரு நிமிடம்தான் கஷ்டம். நான் அதைத் தள்ளிப்போட்டதால் எனக்கு ஒரு பஸ் பயணம் முழுக்கக் கஷ்டமாக இருந்தது.

நேற்று நடந்ததைச் சொல்லி முடிக்கிறேன். எங்கள் மையங்கள் இப்போது பதினொன்று. வருடத்துக்கு இரண்டு தடவை எல்லா டேட்டாபேஸ் பாஸ்வேர்டையும் மாற்றுகிறோம். இதுவரை விடுமுறை நாளில்தான் செய்தோம். நேற்று புதன்கிழமை, காலை பதினோரு மணி, எல்லா ஊரிலும் மெஷின்கள் ஓடிக்கொண்டிருக்கும் நேரம். "இப்பவே மாத்தலாம் அக்கா" என்றாள் சபீனா. அவள் ஒவ்வொரு ஊராக மாற்ற, நான் ஒவ்வொரு ஊருக்கும் போன் செய்து, திரை எப்படி இருக்கிறது என்று கேட்டேன். செஞ்சியில், "நல்லா இருக்குதே, ஏங்க?" என்றார்கள். மயிலத்தில் போனை எடுக்கவே நேரமில்லை என்று வைத்துவிட்டார்கள். கடைசியாக விழுப்புரம். போனை எடுத்தது அதே டாக்டர்.

"லிஸ்ட்டு இருக்குதுங்களா டாக்டர்?"

"இருக்குதும்மா. இன்னா விஷயம்?"

"ஒண்ணுமில்லீங்க. சும்மா கேட்டேன்."

போனை வைத்துவிட்டுத் திரும்பினேன். பதினோரு ஊரிலும் ஒருவர்கூடத் தலை நிமிர்ந்து பார்க்கவில்லை. சபீனா நாற்காலியில் சாய்ந்து, இரண்டு கையையும் மேலே தூக்கி நெட்டி முறித்தாள். "ஜெயிச்சிட்டோம் அக்கா. வாங்க, சாப்ட போலாம்."

போய் நன்றாகச் சாப்பிட்டோம், தம்பி.

உன் பிரயாணப் பெட்டியை நீயே அடுக்கு,
அம்மா